சமாதானம் ஆன பிறகும் முடியாத கேஸ்

கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. மனைவி போலீசில் புகார் கொடுக்கிறார். எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. ஒன்றரை வருடம் கழித்து இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நகையைத் திருப்பிக் கொடுப்பது, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கிக்கொள்வது என்று முடிவாகிறது. இப்போது மனைவி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "என் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் முடிந்துவிடுமா?

முடியாது! புகார் கொடுத்தவரே வேண்டாம் என்றாலும் கேஸ் நிற்காது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருவரும் சேர்ந்து கேட்டாலும் அந்த நீதிபதிக்கு அதை முடிக்க அதிகாரம் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் இனயம் கடற்கரையில் இருக்கும் ஒரு தம்பதி என்றால், மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளை வரை போயாக வேண்டும். இருவருமே விரும்பாத ஒரு வழக்கை முடிக்க 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

இது ஏன் இப்படி? இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது.

குற்றம் யாருக்கு எதிரானது?

கடன் பாக்கி, சொத்துத் தகராறு போன்றவை இரண்டு பேருக்கு இடையிலான சிவில் வழக்குகள். அவர்கள் சமாதானம் ஆனால் வழக்கு முடிந்தது. கிரிமினல் வழக்கு அப்படி இல்லை. குற்றம் என்பது சமூகம் முழுவதற்கும் எதிரானது என்பது சட்டத்தின் அடிப்படை. அதனால்தான் வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அதில் ஒரு சாட்சி மட்டுமே.

ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் இதே கண்டிப்பு காட்டினால் சரிப்படாது என்று ஆங்கிலேய ஆட்சிக்காலத்திலேயே தெரிந்திருந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 345வது பிரிவில் ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் உள்ள குற்றங்களில் பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் சமரசம் செய்துகொள்ளலாம். 1973ல் புதிய சட்டம் வந்தபோது இந்தப் பட்டியல் 320வது பிரிவானது. அதன் கடைசியில் 9வது உட்பிரிவு ஒரு பூட்டைப் போட்டது: இந்தப் பிரிவு சொல்லும் முறையில் தவிர வேறு எந்தக் குற்றத்தையும் சமரசம் செய்ய முடியாது.

பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தால் சில விசித்திரங்கள் தென்படும். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இரண்டாம் திருமணம் செய்வது 7 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அது பட்டியலில் இருக்கிறது. கோர்ட் அனுமதியோடு முதல் மனைவி சமரசம் செய்துகொள்ளலாம். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்குத் தண்டனை 3 வருடம் வரைதான். அது பட்டியலில் இல்லை!

1983ல் போட்ட பூட்டு

கொடுமைக்கான அந்தப் பிரிவுதான் பலரும் கேள்விப்பட்ட 498ஏ. அது பிறந்த சூழ்நிலையைத் தெரிந்துகொள்ளாமல் பூட்டின் காரணம் புரியாது.

1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் காகிதத்தில் இருந்த அளவுக்கு வாழ்க்கையில் இல்லை. 1970களின் கடைசியில் தில்லியில் இளம் மனைவிகள் "ஸ்டவ் வெடித்து" இறந்துபோகும் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 1979ல் தன் மகளைப் பறிகொடுத்த சத்யராணி சத்தா போன்ற தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பெண்கள் அமைப்புகள் ஊர்வலம் நடத்தின. இது குடும்பத்துக்குள் நடக்கும் விஷயம், வெளியார் தலையிடக் கூடாது என்று போலீஸ் ஒதுங்கியதுதான் அவர்களின் முக்கியமான கோபம்.

அந்தக் கோபத்துக்கு வந்த பதில்தான் 1983ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். அந்த வருடம் டிசம்பர் 25 முதல் 498ஏ அமலுக்கு வந்தது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஜாமீன் கேட்டுப் பெற வேண்டும். சமரசம் செய்ய முடியாது. 1986ல் வரதட்சணை மரணத்துக்கு 304பி பிரிவும் சேர்ந்தது.

சமரசம் கூடாது என்று வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அடிபட்ட பெண் புகார் கொடுத்த மறுநாளே பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்து, "வாபஸ் வாங்கு, குடும்ப மானம் போகுது" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? வாபஸ் வாங்கும் வழியே சட்டத்தில் இல்லை என்றால், அந்த நெருக்கடியில் இருந்து அவளைச் சட்டமே காப்பாற்றுகிறது. பூட்டு அவளைச் சிறை வைக்கப் போட்டதல்ல. வெளியில் இருந்து தள்ளுகிறவர்களைத் தடுக்கப் போட்டது.

தெற்கே சீதனக் கதை

இனயம் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் மீனவ ஊர். 1956 நவம்பர் 1ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரிலும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இங்கே சீதனம் என்ற சொல்லுக்கு வெறும் வழக்கம் என்பதைத் தாண்டி, சட்டப் புத்தகத்திலேயே ஒரு இடம் இருந்தது.

1916ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது! சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் உள்ள சில லத்தீன் கத்தோலிக்கப் பிரிவினருக்கும் சில புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கும் மட்டும் விதிவிலக்கு இருந்தது. இந்தச் சட்டம் 1951லேயே செல்லாமல் போய்விட்டது என்று 1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே இந்தக் கதை முடிந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. சீதனம்தான் மகளின் பங்கு என்று சட்டமே பேசிய ஒரு நாட்டில், திருமணம் முறிந்தால் முதலில் எழும் கேள்வி "கொடுத்த பவுன் எங்கே?" என்பதுதான். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6வது பிரிவும், யார் வாங்கியிருந்தாலும் அது அந்தப் பெண்ணுக்கே சேர வேண்டும் என்கிறது. ஆனால் திருப்பிக் கேட்டு சிவில் வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அடுத்த வாரமே பேச்சுவார்த்தைக்கு ஆள் வரும். இப்படித்தான் கிரிமினல் கேசும் சீதனக் கணக்கும் ஒரே முடிச்சில் விழுந்தன. முடிச்சு அவிழும்போது இரண்டும் சேர்ந்தே அவிழ வேண்டியிருந்தது. ஒன்றை அவிழ்க்கத்தான் சட்டத்தில் வழி இல்லை.

பொய் சொல்லி முடித்த காலம்

2003க்கு முன்பு சமாதானம் ஆன தம்பதிகள் கேசை எப்படி முடித்தார்கள்? சாட்சிக் கூண்டில் ஏறிய மனைவி, "அப்படி எதுவும் நடக்கவில்லை, போலீஸ் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிடுவார். அவர் பிறழ் சாட்சி ஆவார். கணவன் விடுதலை ஆவான். எல்லோருக்கும் உண்மை தெரியும், ஆனால் பதிவேட்டில் பொய் இருக்கும். சமரசம் கூடாது என்ற கண்டிப்பான சட்டம் கடைசியில் உருவாக்கியது இதைத்தான்.

இதில் பெண்ணுக்கு இரட்டை நஷ்டம். உண்மையாகவே அடிபட்டவர்கூட, தான் சொன்னது பொய் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். அந்த நாள் வரும் வரை கேசும் நடக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் அந்த நாட்களில் ஒரே குரலில் பேசவில்லை. 1980களின் கடைசியில் ராஜஸ்தானில் இருந்து வந்த ஒரு கொலை முயற்சி வழக்கில், பட்டியலில் இல்லாவிட்டாலும் சமரசத்தை அனுமதித்தது. 1999ல் ஒரிசாவில் இருந்து வந்த வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பட்டியலைத் தாண்டிப் போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. கீழ்க் கோர்ட்டுகள் குழம்பின.

2003 மார்ச் 13

இந்தக் குழப்பத்தில்தான் பி.எஸ்.ஜோஷி எதிர் ஹரியானா அரசு என்ற வழக்கு வந்தது. 1999ல் திருமணம் ஆன ஒரு தம்பதி 2000 முதல் பிரிந்து வாழ்ந்தார்கள். 2002 ஜனவரியில் மனைவியின் புகாரில் கணவர் மீதும் அவர் வீட்டார் மீதும் எஃப்.ஐ.ஆர். பதிவானது. பிறகு எல்லாம் பேசி முடிந்தது. பரஸ்பர விவாகரத்துக்கும் சம்மதித்தார்கள். வழக்கு ரத்தாவதில் தனக்கு மறுப்பு இல்லை என்று மனைவியே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 498ஏ பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்!

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஒய்.கே.சபர்வால், எச்.கே.சேமா அமர்வு இதை வேறு பக்கத்தில் இருந்து பார்த்தது. 1923ல் பழைய நடைமுறைச் சட்டத்தில் 561ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. நீதியின் நோக்கம் நிறைவேறவும், கோர்ட் நடவடிக்கை தவறாகப் பயன்படுவதைத் தடுக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள அதிகாரத்தை எந்தப் பிரிவும் குறைக்காது என்று அது சொன்னது. 1973 சட்டத்தில் அதுவே 482வது பிரிவு. 320வது பிரிவு போட்ட பூட்டு இந்த 482ஐக் கட்டுப்படுத்தாது என்பதுதான் 2003 மார்ச் 13ல் வந்த தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சொன்ன காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. மனைவியே சாட்சி சொல்லப் போவதில்லை என்றால் தண்டனைக்கு வாய்ப்பே இல்லை, பிறகு எதற்கு விசாரணை? பெண்ணைக் காப்பாற்ற வந்த பிரிவை வறட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டால், அது அவள் சமரசமாகி வேறு வாழ்க்கையைத் தொடங்குவதற்கே தடையாகிவிடும். சட்டத்தின் நோக்கம் அது அல்ல.

பூட்டை உடைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கதவு இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் கதவின் சாவி உயர் நீதிமன்றத்திடம் மட்டும் இருந்தது.

சந்தேகமும் தீர்வும்

ஏழு வருடம் கழித்து அந்தக் கதவையே மூடப் பார்த்தார்கள். 2010 நவம்பரில் கியான் சிங் வழக்கில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு ஒரு கேள்வி எழுப்பியது. பாராளுமன்றம் நேரடியாகத் தடுத்ததை நீதிமன்றம் மறைமுகமாகச் செய்வது சரியா? ஜோஷி தீர்ப்பு உட்பட மூன்று தீர்ப்புகள் தவறாக இருக்கலாம், பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள்.

கேள்வி நியாயமானதுதான். 2012 செப்டம்பர் 24ல் நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. சமரசம் வேறு, ரத்து வேறு. சமரசம் என்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை, பட்டியலுக்குள் மட்டும் நடப்பது. ரத்து என்பது நீதிமன்றத்தின் முடிவு. இரு தரப்பும் சமாதானம் ஆனது நீதிமன்றம் பார்க்கும் விஷயங்களில் ஒன்று. அதுவே எல்லாம் அல்ல. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு போல அடிப்படையில் தனிப்பட்ட தன்மை உள்ளவற்றை ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்றவற்றை இரு தரப்பும் கைகுலுக்கினாலும் ரத்து செய்யக் கூடாது.

அடுத்த வருடம், 2013 மார்ச்சில், ஜிதேந்திர ரகுவன்ஷி வழக்கில் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த நீதிபதி ப.சதாசிவம் இடம்பெற்ற அமர்வு இதைக் குடும்ப வழக்குகளுக்கு உறுதியாகச் சொன்னது. உண்மையான சமரசத்தை ஊக்குவிப்பது நீதிமன்றங்களின் கடமை என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு முந்தைய மாதம் இன்னொரு அமர்வு, சமரச வாய்ப்பு தெரிந்தால் 498ஏ வழக்கையும் சமரச மையத்துக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் இதற்கான இடம் முன்பே தயாராக இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலிலேயே சமரச மையம் தொடங்கிவிட்டது.

மாவட்டம் வரை வந்து திரும்பிய சாவி

சரி, கதவு திறந்தாயிற்று. ஆனால் ஒவ்வொரு தம்பதியும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டுமா? சாவியை உள்ளூர்க் கோர்ட்டுக்குக் கொடுக்க மூன்று முயற்சிகள் நடந்தன.

முதல் முயற்சி ஆந்திராவில். ஜோஷி தீர்ப்பு வந்த அதே 2003ல் ஆந்திர சட்டமன்றம் தன் மாநிலத்துக்கு மட்டும் 498ஏவைப் பட்டியலில் சேர்த்தது. கோர்ட் அனுமதி வேண்டும். மனு கொடுத்த நாளில் இருந்து குறைந்தது 3 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதம் எதற்கு? அவசரத்திலோ மிரட்டலிலோ கையெழுத்துப் போட்ட பெண் மனம் மாற அவகாசம் கொடுப்பதற்கு.

இரண்டாவது முயற்சி தில்லியில். 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை சமரசப் பட்டியலில் சேர்ப்பதை ஆராயச் சொன்னது. 2011 டிசம்பரில் சட்ட ஆணையம் தன் 237வது அறிக்கையில், நாடு முழுவதும் சேர்க்கலாம், கோர்ட் அனுமதியும் 3 மாத அவகாசமும் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அறிக்கையாகவே நின்றுவிட்டது.

மூன்றாவது முயற்சி உச்ச நீதிமன்றத்தில். 2017 ஜூலையில் ராஜேஷ் சர்மா வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, சமரசம் ஆனால் மாவட்ட நீதிபதியே கிரிமினல் வழக்கை முடித்துவிடலாம் என்று உத்தரவிட்டது. அப்படியே இருந்திருந்தால் இனயத்துக்காரர்களுக்கு நாகர்கோவிலோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் 2018 செப்டம்பர் 14ல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. பட்டியலில் இல்லாத வழக்கை முடிக்க மாவட்ட நீதிபதிக்கு அதிகாரம் இல்லை, 482ன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி சரியான பதில். சாவி 14 மாதத்தில் திரும்பிப் போய்விட்டது!

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதில் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. 498ஏ இருந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள். 320க்குப் பதில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359. 482க்குப் பதில் 528. எண்கள் மாறின. பட்டியல் இந்த விஷயத்தில் மாறவில்லை. முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதியபோது கிடைத்த வாய்ப்பும் கைநழுவியது.

இனயத்தில் இருந்து மதுரைக்கு

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? இனயத்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலானால் வழக்கு குழித்துறை அல்லது இரணியல் போன்ற பக்கத்து ஊர்க் கோர்ட்டில் நடக்கும். ரத்து செய்ய வேண்டும் என்றால் மதுரை. 2004 ஜூலை 24ல் மதுரைக் கிளை திறக்கும் முன்பு இதே வேலைக்கு 700 கிலோமீட்டர் தாண்டி சென்னைக்கே போக வேண்டியிருந்தது. அதைப் பார்க்கும்போது மதுரை பக்கம்தான்!

இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட சமரசக் குறிப்பு வேண்டும். புகார் கொடுத்தவரின் பிரமாண வாக்குமூலம் வேண்டும். விசாரணை நாளில் இருவரும் அடையாள அட்டையோடு நிற்க வேண்டும், அவர்கள்தான் இவர்கள் என்று போலீஸ் உறுதி சொல்ல வேண்டும். நீதிபதி மனைவியிடம் கேட்பார்: சொந்த விருப்பத்தில்தான் சம்மதிக்கிறீர்களா? திருப்தி ஏற்பட்டால் வழக்கு ரத்து. சமரசக் குறிப்பும் உத்தரவின் ஒரு பகுதியாகிவிடும்.

விவாகரத்து வேறு பாதையில் போகும். கிறிஸ்தவத் தம்பதிகளுக்கு 2001 வரை பரஸ்பர சம்மத விவாகரத்து என்ற ஒன்றே கிடையாது. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கணவனின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால்கூட மனைவிக்குப் போதாது. கூடவே கொடுமையையோ கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டும். 2001 திருத்தம் 10ஏ பிரிவைச் சேர்த்தது. அதிலும் மற்றவர்களுக்கு ஒரு வருடப் பிரிவு போதும் என்றால், கிறிஸ்தவர்களுக்கு இரண்டு வருடம் என்று எழுதினார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2010ல் அதை ஒரு வருடமாகக் குறைத்துப் படித்தது. கோர்ட் கொடுக்கும் விவாகரத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை, திருச்சபை நடுமன்றம் திருமணம் செல்லாது என்று அறிவித்தால் அதை அரசுச் சட்டம் விவாகரத்தாக ஏற்பதில்லை. ஆக கடற்கரை ஊரில் ஒரு திருமணம் முழுமையாக முடிய வேண்டுமானால் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும்: விவாகரத்துக்கு ஒன்று, திருச்சபையில் ஒன்று, கிரிமினல் கேசுக்கு ஒன்று.

அந்த மூன்றாவது கதவைத் தட்டாமலே விட்டுவிட்டால் என்ன? வளைகுடா நாடுகளில் மீன்பிடிக்கவும் வேறு வேலைக்கும் போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6வது பிரிவுப்படி பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், கோர்ட் அனுமதி வாங்கி வர வேண்டியிருக்கும். அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பிலும் அது வந்து நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் மாமியாரும் நாத்தனாரும் இருந்தால் அவர்களும் வாய்தாவுக்கு அலைய வேண்டும். 2014ல் அர்னேஷ் குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கு சொன்னது: 2012ல் மட்டும் 498ஏவில் கைதானவர்கள் 1,97,762 பேர், அதில் 47,951 பேர் பெண்கள். தண்டனை விகிதம் 15 சதவீதம்.

சம்மதம் யாருடையது?

இதுவரை படித்தால் ஒரு முடிவுக்கு எளிதாக வந்துவிடலாம்: எல்லாம் வீண் அலைச்சல், பூட்டை எடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

சமரசக் குறிப்பில் மனைவியின் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காகிதம் சொல்லாது. தம்பியின் படிப்பு இருக்கலாம், தங்கையின் கல்யாணம் இருக்கலாம், "50 பவுனில் 20 வந்தாலும் போதும், தலைவலி தீரட்டும்" என்ற அப்பாவின் களைப்பு இருக்கலாம். குறைந்த தண்டனை விகிதத்தை வைத்து எல்லாப் புகாரும் பொய் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சமரசத்துக்காகப் பிறழ் சாட்சியாக மாறிய உண்மையான புகார்களும் அந்தத் தண்டனை இல்லாத வழக்குகளில்தான் சேர்கின்றன.

மறுபக்கமும் உண்டு. பணம் பேசுவதற்காகவே வயதான மாமனாரையும் வெளியூரில் இருக்கும் நாத்தனாரையும் சேர்த்து எழுதும் புகார்களும் இருக்கின்றன. சமரசத்தில் பணமும் விவாகரத்தும் வாங்கிக்கொண்டு, கிரிமினல் கேசை மட்டும் தொடர்ந்து நடத்தியவர்களும் உண்டு. 2004 நவம்பரில் அப்படி ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இது நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. பணம் தருவதாகச் சொல்லி ரத்து வாங்கிவிட்டு, கடைசித் தவணையைக் கொடுக்காமல் ஏமாற்றும் கணவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்த வக்கீல்கள் விவாகரத்தின் முதல் கட்டத்தில் ஒரு தொகை, இரண்டாம் கட்டத்தில் ஒரு தொகை, மதுரையில் ரத்து மனு விசாரணைக்கு வரும் நாளில் மீதித் தொகை என்று பிரித்து எழுதுகிறார்கள்.

ரத்துக்கும் எல்லை போட்டிருக்கிறார்கள். 2017ல் பர்பத்பாய் ஆஹிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்புகளைத் திரட்டிப் பத்து விதிகளாகத் தொகுத்தது. 2024 நவம்பரில், சிறுமிக்கு எதிரான பாலியல் குற்றத்தை அவள் தந்தை சமரசம் செய்துகொண்டதாகச் சொல்லி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து வழக்கை மீட்டது. மனைவி வரதட்சணைக் கொடுமையில் இறந்துபோனால், அவள் வீட்டார் சமாதானம் ஆனாலும் கேஸ் முடியாது. இறந்தவளின் சார்பில் மன்னிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆக, 1983ல் பூட்டுப் போட்டவர்களும் சரி, 2003ல் பக்கத்துக் கதவைக் காட்டியவர்களும் சரி, ஒரே பெண்ணைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். முதல் தரப்பு அவளை நெருக்குபவர்களிடம் இருந்து காப்பாற்றப் பார்த்தது. இரண்டாம் தரப்பு அவள் கடந்து போக நினைக்கும் வாழ்க்கையில் அவளைக் கட்டிப்போடாமல் இருக்கப் பார்த்தது. இரண்டு பயமும் உண்மை.

இரண்டுக்கும் பதில் ஆந்திரா 2003லேயே எழுதி வைத்திருக்கிறது: பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் உள்ளூர் நீதிபதி அனுமதி தர வேண்டும், அதற்கு முன் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தூரம் பாதுகாப்பு ஆகாது. மதுரையில் சில நிமிடம் நடக்கும் விசாரணையில் "சம்மதமா?" என்று கேட்கும் நீதிபதியை விட, அதே ஊர்ப் பேச்சு தெரிந்த, மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய நீதிபதிக்குத்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் படிக்க அதிக நேரம் இருக்கும். பேருந்துக்கும் வக்கீலுக்கும் செலவு செய்ய முடிந்தவருக்கு ஒரு நீதி, முடியாதவருக்குப் பிறழ் சாட்சி என்ற நிலைமையும் மாறும்.

சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி வரும் வரை, சமாதானம் ஆன தம்பதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் மதுரைக்குப் பஸ் ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள்.